குட்டை நெல்லும் கூலி நெல்லும்

இந்த அத்தியாயத்தைக் கிணற்றடியிலிருந்து தொடங்குவதே உசிதம். மின்சாரம் வந்து சேராத காலத்தில், ஆற்றுப் பாசனம் இல்லாத தமிழ்நாட்டு ஜில்லாக்களில் கிணற்று நீரை வயலுக்குக் கொண்டுவரப் பெரும்பாலும் கமலையே கதி. கவலை என்று அதைச் சொல்லும் பிரதேசங்களும் உண்டு. கிணற்றின் விளிம்பில் நட்ட தூண்களுக்கு நடுவே ஓர் உருளை. அதன்மேல் ஓடும் பருத்த வடத்தின் ஒரு முனையில் இரும்புச் சால், மறுமுனையில் நுகத்தடியில் பூட்டிய இரண்டு எருதுகள். சாலின் அடியில் தோலால் தைத்த நீண்ட தும்பி ஒன்று இருக்கும். அதன் வாயை மெல்லிய வால்கயிறு மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருப்பதால், எருதுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் தளும்பாமல் மேலே வந்து, விளிம்பை எட்டிய கணத்தில் தும்பியின் வாய் தொட்டிக்குள் விரிந்து நீரைக் கொட்டிவிடும். ஓட்டுகிறவன் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் பாரத்தையும் எருதுகளுக்குத் துணையாகச் சேர்ப்பான். பின்பு அவற்றைப் பின்புறமாகவே நடத்தி மேட்டுக்கு ஏற்றி, மறுபடியும் இறக்குவான். விடியற்காலையில் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதே காரியம்.

இந்த உழைப்புக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சால் ஒன்றுக்கு 120 லிட்டர் கொள்ளும் என்றும், நீர்மட்டம் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஆழத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரம், பௌதிக சாஸ்திர விதிப்படி, 36,000 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீரை உயர்த்தப் போதுமானது. மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் பாதி விரயமாகிறது என்று கழித்தாலும் 18,000 லிட்டர் மிஞ்சும். அது 150 சால். ஒரு சாலுக்கு ஒரு நிமிஷம் என்றாலும், இரண்டரை மணி நேரம் ஓர் ஆளும் இரண்டு எருதுகளும் ஓய்வின்றி நடந்து செய்கிற வேலையை, 5 குதிரைத்திறன் கொண்ட மோட்டார் பதினாறு நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. உற்பத்தித்திறன் என்று பொருளாதார நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான்: ஒரு மணி நேர மனித உழைப்புக்கு எவ்வளவு பலன் கிடைக்கிறது என்பதே அதன் அளவு.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, யந்திரம் வந்தால் வறுமை தானாகவே ஒழிந்துவிடும் என்று ஒரு சாராரும், கமலை ஓட்டியவனுடைய ஜீவனம் போயிற்றே என்று மற்றொரு சாராரும் வாதாடுவது வியப்பன்று. மிச்சமான அந்த இரண்டேகால் மணி நேரம் யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது, எத்தனை ஆண்டுகள் கழித்து வைக்கப்பட்டது என்பதை யாரும் சாவதானமாகப் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

பிரிட்டனின் பருத்தி நூற்பாலைகளில் இந்தக் கால இடைவெளி மிகவும் குரூரமாக வெளிப்பட்டது. 100 பவுண்டு பஞ்சைக் கையால் நூற்க நம் நாட்டு நூற்பவருக்குச் சுமார் 50,000 மணி நேரம் தேவைப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1764-ஐ ஒட்டி ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் அமைத்த பல கதிர் ராட்டையில் தொடங்கிய மாறுதல்கள் தொடர்ந்து, 1825-இல் ரிச்சர்டு ராபர்ட்ஸின் தானியங்கி நூற்பு யந்திரம் வந்தபோது அது 135 மணி நேரமாகக் குறைந்தது. ஆயினும், அந்தத் தேசத்துத் தொழிலாளியின் மெய்க்கூலி 1840-கள் வரையில் சொல்லத்தக்க அளவில் உயரவில்லை. கைத்தறி நெசவாளர் ஒரு தலைமுறை முழுவதும் நலிந்தே மறைந்தனர். வங்காளத்திலும் தமிழகத்திலும் நூல் நூற்று வயிறு வளர்த்த பெண்களோ எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறாமலே வேலை இழந்தனர். பலன் பின்னால் வந்தது என்பது மெய். அது வந்தபோது முதலில் நஷ்டப்பட்டவர்கள் அநேகமாக உயிரோடு இல்லை.

நம் நாட்டு நெல்லின் சரித்திரம் இவ்வளவு நீண்டதன்று. ஒரே மனிதன் தன் ஆயுளுக்குள் அதன் தொடக்கத்தையும் பலனையும் கண்டிருக்க முடியும்.

1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளிலும், காலக்கிரமத்தில் மற்ற ஜில்லாக்களிலும், கமலை நின்ற இடத்தில் பம்புசெட் வந்து அமர்ந்தது. 1950-களின் தொடக்கத்தில் சென்னை ராஜ்யத்தில் ஆயிரக்கணக்கிலேயே இருந்த மின்சாரப் பம்புசெட்டுகள் இருபது ஆண்டுகளில் ஐந்து லட்சம் அளவை எட்டின. நீர் பெருகியது. ஆனால் பெருகிய நீரை வாங்கிக்கொண்டு அதற்குத் தக்க தானியம் கொடுக்க நெற்பயிரால் முடியவில்லை. அதற்குக் காரணம் பயிரின் உயரம்.

நெல்லுக்கு முக்கியமான ஆகாரம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். நம்மைச் சூழ்ந்த காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுவேயாயினும், பயிர் அதை நேராக உட்கொள்ள முடியாது. ஆகவே ஆவிரையும் கொழுஞ்சியும் புங்கந்தழையும் மிதித்தும், ஆட்டுக்கிடை வைத்தும் குடியானவர்கள் அந்தச் சத்தை மண்ணில் சேர்த்துவந்தனர். 1909-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் என்ற ரசாயன விஞ்ஞானி காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு கூட்டி அம்மோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் பாஷ் என்பவர் 1913-இல் ஓப்பாவ் என்ற இடத்தில் அதைப் பெருந்தொழிலாக நிலைநாட்டினார். காற்றிலிருந்து உரம் செய்யும் வித்தை மனிதனுக்குக் கைவந்தது அப்போதுதான். ஆனால் நம் பழைய நெட்டை நெல்லுக்கு அந்த உரத்தைத் தாராளமாக இட்டால், பயிர் ஆளுயரம் வளர்ந்து, கதிர் பிடிக்கும் சமயத்தில் ஒரு காற்றுக்கும் மழைக்கும் தாங்காமல் சாய்ந்துவிடும். சேற்றில் கிடந்த கதிர் அழுகும், முளைக்கும், எலிக்கு இரையாகும். உரம் போட்டவனுக்கு வைக்கோல்தான் லாபம். ஆகவே உரத்தை வேண்டாமென்று ஒதுக்கிய குடியானவனை மூடநம்பிக்கைக்காரன் என்று இகழ்ந்த அதிகாரிகள் பயிர் நூலை அறியாதவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிலிப்பைன்ஸ் தேசத்தில் லாஸ் பானோஸ் என்னும் ஊரில் 1960-இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. அங்கே 1962-இல் பீட்டர் ஜென்னிங்ஸ் என்ற நிபுணர் செய்த முப்பத்தெட்டு இனச்சேர்க்கைகளில் எட்டாவதில், ‘பீட்டா’ என்ற இந்தோனேஷிய நெட்டை நெல்லையும், ‘டீ-ஜியோ-வூ-ஜென்’ என்ற தைவான் குட்டை நெல்லையும் இணைத்தார். கிடைத்தவை 130 விதைகள். அவற்றிலிருந்து முளைத்த செடிகள் யாவும் நெட்டை. பார்ப்பவர்களுக்குப் பிரயத்தனம் வீணாயிற்றென்றே தோன்றியிருக்கும். ஆனால் அவற்றின் விதைகளை மறுபடியும் விதைத்தபோது நாலில் ஒரு பங்கு குட்டையாக நின்றது. நெட்டை மூன்று, குட்டை ஒன்று என்ற இந்த விகிதம், நூறு ஆண்டுகளுக்கு முன் கிரிகர் மெண்டல் என்ற துறவி தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்ட அதே விகிதம். அந்தக் குணத்தை ஒரே ஒரு மரபணு ஆள்கிறது என்பதற்கு அது பிரத்தியட்சச் சான்று. ஒற்றை மரபணுவின் காரியமாதலால் அந்தக் குணத்தை எந்த நெல்லுக்கும் சுலபமாக மாற்றிவிடலாம் என்பதும் நிச்சயமாயிற்று.

குட்டைத்தன்மையின் ரகசியம் 2002-இல் வெளியாயிற்று. தண்டை நீளச் செய்யும் ‘ஜிபரலின்’ என்ற சுரப்பைப் பயிர் தயாரிக்கும் வழியில் ஒரு நொதி பழுதுபட்டிருக்கிறது, சுரப்புக் குறைகிறது, தண்டு குறுகுகிறது. மெண்டலின் குட்டைப் பட்டாணியிலும் அதே சுரப்பின் வழியில்தான், வேறொரு படியில், பழுது இருக்கிறது என்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்கள். துறவியின் தோட்டத்தில் நின்ற செடியும் கோடிக்கணக்கான ஏழைகளுக்குச் சோறிட்ட செடியும் ஏறக்குறைய ஒரே ஊனத்தால் குட்டையானவை என்ற விசித்திரத்தை நினைக்குந்தோறும் எனக்கு அலுப்பதில்லை.

தண்டுக்குப் போக வேண்டிய சத்து தண்டுக்குப் போகாவிட்டால் கதிருக்குப் போகும். பழைய நெட்டை ரகங்களில், வேர் நீங்கலாகச் செடியின் மொத்த எடையில் ஏறக்குறைய முப்பது சதவிகிதமே தானியம். புதிய குட்டை ரகத்தில் அது ஐம்பது சதவிகிதத்தை எட்டியது. ஹென்றி பீச்செல் என்பவர் 288-ஆவது வரிசையில் மூன்றாவது செடியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். 1966 நவம்பரில் அது ‘ஐ.ஆர். 8’ என்ற பெயரால் உலகுக்கு அளிக்கப்பட்டது. ஆராய்ச்சி வயலில் தக்க உரமிட்டபோது ஹெக்டேருக்குப் பத்து டன்னை நெருங்கும் விளைச்சல் கண்டது. அந்தக் காலத்தில் நம் நாட்டின் சராசரி நெல் விளைச்சலோ, அரிசியாகக் கணக்கிட்டால், ஹெக்டேருக்கு ஒரு டன்கூட இல்லை. மேலும், பழைய சம்பா ரகங்கள் பகல் சுருங்கும் பருவத்தை எதிர்பார்த்தே பூப்பவை. இந்தப் பயிருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்தப் பருவத்தில் நட்டாலும் ஏறக்குறைய நாலரை மாதத்தில் அறுவடை. நீர் இருக்குமானால் இன்னொரு போகமும் உண்டு. கிணற்றில் பம்புசெட் வைத்திருந்தவனுக்கு அப்போதுதான் அதன் முழுப் பிரயோஜனமும் விளங்கிற்று.

இந்த மாறுதலில் தமிழகம் கைநீட்டி வாங்கிக்கொண்டதோடு நிற்கவில்லை. கோயமுத்தூரில் உருவாகிப் புகழ்பெற்ற ஜி.இ.பி. 24 என்ற சன்ன நெல்லை ஜப்பானிய ரகம் ஒன்றோடு இணைத்துப் பெற்ற ‘ஆடுதுறை 27’ 1965-இல் வெளிவந்து, 105 நாளில் விளைவதாக இருந்ததால் தஞ்சைக் குறுவைக்கு ஏற்றதாயிற்று. ஐ.ஆர். 8-இன் அரிசியோ பருமன். ஆறினால் சோறு விறைத்துவிடும். நம் வீட்டுப் பெண்மணிகள் அதை மெச்சவில்லை என்பதோடு, பூச்சியும் நோயும் அதை எளிதில் பற்றின. 1969-இல் வந்த ‘ஐ.ஆர். 20’தான் இங்கே நிலைத்தது; சென்னையை அடுத்த திரூர்க்குப்பம் நிலையத்து டி.கே.எம். 6 என்ற நெல்லே அதன் பெற்றோரில் ஒன்று, குருத்துப்பூச்சியைத் தாங்கும் சக்தி அதற்கு அந்த வழியாகவே கிடைத்தது.

இவையெல்லாம் நிகழ்ந்த காலத்தின் நிலையையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1966-இல் இந்தியா ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கியது. 1967-இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியதற்கு அரிசி விலையும் ஒரு காரணம்; ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி அந்தத் தேர்தலின் பிரதான கோஷங்களில் ஒன்று.

சரி, விளைச்சல் பெருகிற்று; வறுமை குறைந்ததா? முதல் பத்தாண்டுகளின் சாட்சியம் சாதகமாக இல்லை. 1960-இல் தீவிர விவசாயத் திட்டத்துக்கு முதலிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. புதிய விதையும் உரமும் கடனும் அங்கே முந்திச் சென்றன. களத்துமேட்டில் குவியல் உயர்ந்ததை அறுத்தவர்களே முதலில் கண்டார்கள். ஆனால் கூலியாக அளந்த நெல் அதற்கேற்ப உயரவில்லை. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்ததன் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்துநான்கு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. விஞ்ஞான நூலில் இந்தச் சம்பவத்துக்கு என்ன இடம் என்று கேட்பவர் இருக்கலாம்; பெருகிய விளைச்சலில் யாருக்கு எத்தனை மரக்கால் என்பதை விதை தீர்மானிப்பதில்லை, நிலம் யாருடையது, கேட்க யாருக்குத் தைரியம் உண்டு என்பவையே தீர்மானிக்கின்றன என்பதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

வட ஆற்காட்டில் ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களை 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 1977-இல் வெளியான அந்த நூல் பசுமைப் புரட்சி என்ற சொல்லுக்குப் பக்கத்தில், தலைப்பிலேயே, ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொண்டது. உள்ளேயும் நம்பிக்கை அதிகமில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பீட்டர் ஹேசலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ராமசாமியும் அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போய் அளந்தபோது கண்டது வேறு. சிறு விவசாயிகளும் புதிய விதைக்கு மாறியிருந்தார்கள். நிலமற்ற கூலிக்காரக் குடும்பங்களின் மெய்வருமானமும் நன்றாகவே உயர்ந்திருந்தது. முதலில் போனவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள், அவ்வளவே.

இடையில் என்ன நடந்தது? மூன்று வழிகளைச் சொல்லலாம். முதலாவதே பிரதானம் என்பது என் அபிப்பிராயம். நிலமில்லாத ஏழை, நெல்லை விற்பவன் அல்லன், அரிசியை வாங்குபவன். சம்பாத்தியத்தில் பாதிக்குமேல் சோற்றுக்கே செலவாகிற குடும்பத்தில், அரிசி விலை மற்ற விலைகளோடு ஒப்பிடும்போது இறங்குவது கூலி உயர்வதற்குச் சமானம். அந்த உயர்வை எந்தப் பண்ணையாரும் தடுக்க முடியாது. 1970-களின் நடுவிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளில் உலகச் சந்தையில் அரிசியின் மெய்விலை பாதிக்கும் கீழே இறங்கியது. விதையை வாங்காதவனுக்கும், அதன் பெயரையே கேள்விப்படாத பட்டணத்து ரிக்ஷாக்காரனுக்கும், விதையின் பலன் ஒவ்வொரு படி அரிசியிலும் போய்ச் சேர்ந்தது. ரேஷன் கடையும், 1982-இல் விரிவாக்கப்பட்ட பள்ளிச் சத்துணவும் நடப்பதற்குக் கிடங்கில் அரிசி இருக்க வேண்டும். கப்பலை எதிர்பார்த்து அவற்றை நடத்தியிருக்க முடியாது.

இரண்டாவது, வேலை. இரண்டு போகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு களையெடுப்பு, இரண்டு அறுப்பு. கமலை ஓட்டியவனுக்குக் கிணற்றடியில் வேலை போயிற்றென்றால், அவன் மனைவிக்கு நடவில் இன்னும் பல நாள் வேலை கிடைத்தது. இதை அவன் சமாதானமாக ஏற்றுக்கொண்டிருப்பானா என்பது வேறு விஷயம். மூன்றாவது, பணம் கைமாறுகிற விதம். நெல்லில் கூடுதலாக ஒரு ரூபாய் வருமானம் வந்தால், அது கறவைமாட்டுக்கும் துணிக்கும் சைக்கிளுக்கும் வீடு கட்டும் கொத்தனுக்கும் செலவாகி, விவசாயத்துக்கு வெளியே அந்த வட்டாரத்திலேயே ஏறக்குறைய 87 காசு வருமானத்தை உண்டாக்கிற்று என்று ஹேசல் குழுவினர் மதிப்பிட்டார்கள். ஆரணியின் அரிசி ஆலைகளிலும் தறிகளிலும் கடைகளிலும் வேலை பெருகவே, வயலுக்கு வர வேண்டுமானால் கூலியைக் கூட்டு என்று சொல்லும் வலிமை தொழிலாளிக்கு வந்தது. சட்டம் வாங்கித்தர முடியாமற்போனதை, போவதற்கு வேறிடம் உண்டு என்ற நிலை வாங்கித்தந்தது.

திட்டக்குழுவின் கணக்குப்படி 1973-74-இல் இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தார்கள். 1993-94-இல் இந்தியாவில் 36, தமிழ்நாட்டில் 35. குட்டை நெல் வந்த முதல் ஏழெட்டு ஆண்டுகளில் தெளிவான இறக்கம் எதுவும் இல்லை. அதன்பிறகே கோடு கீழ்நோக்கித் திரும்பிற்று. அந்த இருபது ஆண்டு மாறுதலை விதை ஒன்றே செய்தது என்று நான் சாதிக்க மாட்டேன்; சாலையும் பள்ளியும் ஆலையும் அதில் பங்காளிகள். ஆனால் 1951-இல் 36 கோடியாக இருந்த ஜனத்தொகை 1991-இல் 84 கோடியைத் தாண்டியபோது, ஹெக்டேருக்கு 670 கிலோ அளவில் இருந்த அரிசி விளைச்சல் 1,700 கிலோவைத் தாண்டியிராவிட்டால், அந்தப் பங்காளிகள் என்ன செய்திருக்க முடியும் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

நஷ்டக் கணக்கும் சிறிதன்று. ஒரே ரகம் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றதாலும் மருந்து அளவின்றித் தெளிக்கப்பட்டதாலும் 1970-களில் ஆசியாவெங்கும் புகையான் பூச்சி நெல்லை வாட்டியது. எத்தனையோ பாரம்பரிய ரகங்கள் வயலிலிருந்து மறைந்தன. 10 மீட்டரில் இருந்த நீர்மட்டம் பம்புசெட்டுகளின் போட்டியால் பல வட்டாரங்களில் பாதாளத்துக்கு இறங்கிற்று. கிணற்றை ஆழப்படுத்தக் கையில் பணமுள்ளவன் தப்பினான், இல்லாதவன் பயிரைக் காயவிட்டான். முதற் கணக்கில் 18,000 லிட்டர் இறைத்த அதே ஒரு யூனிட் மின்சாரம், நீர் 100 மீட்டருக்குப் போய்விட்ட இடத்தில் 1,800 லிட்டர்தான் இறைக்கும்; அங்கே உற்பத்தித்திறன் பின்னோக்கி நடக்கிறது.

இன்று காவேரிப் படுகையில் அறுவடைக் காலத்தில் மணிக்கு இவ்வளவென்று வாடகை பேசி யந்திரத்தை வயலில் இறக்குகிறார்கள். பாய் நாற்றங்காலும் நடவு யந்திரமும் அதைத் தொடர்ந்து வருகின்றன. காரணம் கேட்டால் ஒரே பதில்: ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. ஆள் மலிவாக இருந்த ஊரில் குட்டை நெல் வந்தது. ஆள் அரிதாகிவிட்ட ஊரில் அறுவடை யந்திரம் வந்திருக்கிறது. நிலக்காரருக்கு அது முறைப்பாடு. அவர் வயலில் அறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதே அதன் அர்த்தம். நகரத்துக்குப் போக இயலாமல் நடவுக் கூலியையே நம்பி ஊரில் தங்கிவிட்ட வயதான பெண்களுக்கு இந்த யந்திரத்தின் பலன் எந்த வழியாக வரும் என்பதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. யந்திரம் அறுத்த வயலில் வைக்கோல் நொறுங்கிச் சிதறிக் கிடக்கிறது; மாட்டுக்கு ஆகாது என்று ஆரம்பத்தில் குறைப்பட்டுக்கொண்டார்கள்; அதைத் திரட்டிச் சுருட்டிக் கட்டுவதற்கும் இப்போது ஒரு யந்திரம் வந்துவிட்டது.